முதுகைக் காட்டிப் பாடிய வரி

சினிமா கம்பெனி ஆட்கள் தேவாரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது, என்னைத் தேடித்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தப்பில்லை. பத்தொன்பது வருஷமாகக் கம்பம் பள்ளத்தாக்கில் திருவிழாவுக்குத் திருவிழா நாங்கள் போடுகிற பழைய இசை நாடகத்தைத்தான் அவர்கள் படமாக எடுக்கப் போனார்கள். அதில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம், என்னுடையது. என் வீட்டுக்காரர் அதே மேடையில் ஆர்மோனியம் வாசிப்பவர்.

என்னை ஒரு பாட்டுப் பாடச் சொல்லிப் போனில் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மாசம் கழித்து உதவி டைரக்டர் கூப்பிட்டார்.

"உங்க குரல் சாருக்கு ரொம்பப் பிடிச்சிருச்சுக்கா. ஆனா படம்னா ஜனங்களுக்குத் தெரிஞ்ச முகமா இருக்கணும்ங்கிறாங்க. அண்ணன் மட்டும் ஆர்மோனியத்துக்கு வேணும். நீங்களும் வாங்க, நாடகம் பாக்குற கூட்டத்துல உக்காரலாம்."

"கூட்டத்துலயா?"

"முதல் வரிசைக்கா."

அந்தத் தெரிந்த முகம் சென்னையில் ஆல்பம் போடுகிற பாடகி. என் மகளின் ரிங்டோனே அவள் பாட்டுதான். செய்தியைக் கேட்டதும் மகள் குதித்தாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பாடகி சின்னமனூரில் ரூம் போட்டுத் தங்கி, பத்து நாள் என் வீட்டுக்காரரோடு பாட்டு ஒத்திகை பார்த்தாள். தினமும் அவர் அவள் புராணத்தோடுதான் வீடு திரும்பினார்.

"சுதி சொன்னா டக்குன்னு புடிச்சுக்கிருது. தெரியாததைத் தெரியலைன்னு சொல்லுது. இம்புட்டுப் பேர் வாங்கியும் துளி கர்வம் கிடையாது."

அவர் தட்டில் நான் சோற்றைப் போட்ட சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தார்.

"எம் பாட்டை ஒரு நாளாவது இப்படிச் சொல்லியிருக்கீகளா?"

"நீ பாடுறதுதான் எனக்குத் தெரியுமேத்தா" என்றார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

படப்பிடிப்பு பொட்டிப்புரத்தில். பகலையே ராத்திரியாக்க, மேடையைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். உள்ளே வெக்கை தாங்கவில்லை. வீம்புக்கு நான் என் மேடைப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். துணிமணி பார்க்கிற பெண், "ஹீரோயினை விடப் பளிச்சுன்னு இருக்கீங்கக்கா, கேமராவுல இடிக்கும்" என்று ஒரு சாயம் போன நூல் புடவையைக் கொடுத்தாள். முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

காட்சி தொடங்கும் முன் பாடகி நேரே என்னிடம் வந்தாள். ஜிமிக்கி, ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, எல்லாம் என் வேஷம். என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கையைப் பிடித்தாள்.

"நீங்கதானே இந்த வேஷம் கட்டுறவங்க? அண்ணன் சொன்னார். முதல்ல மேடைக்கு வரும்போது எப்படி வருவீங்கக்கா? எனக்குக் கால் நடுங்குது."

ஆர்மோனியத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கூட்டத்தை நேருக்கு நேர் பார்த்துப் பாட வேண்டும். சொல்ல இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. நான் சொன்னது வேறு.

"முதுகைக் காட்டி நில்லுங்க. முதல் வரி முழுசும் அப்படியே பாடி முடிச்சிட்டுத் திரும்புங்க."

எங்கள் ஊர்ப்பக்க மேடைகளில் எவளாவது அப்படி நின்றால் கூட்டம் கத்தியே இறக்கிவிடும். அவள் என்னை நம்பி, அப்படியே போய் நின்றாள். ஆர்மோனியத்தில் விரல் வைத்திருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவள் பாடினாள். நீளமான பின்னலும் பூச்சரமும் மட்டும் தெரிய, முகமில்லாமல் அந்தக் குரல் வந்தது. வரி முடிந்து மெதுவாகத் திரும்பினாள். டைரக்டர் எழுந்து நின்றுவிட்டார். "இது யார் ஐடியா? அப்படியே வச்சுக்குவோம்!" சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்கு ஆத்திரத்தில் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கேமராவை என் பக்கம் திருப்பினார்கள். "சூப்பர்க்கா, இந்த ஃபீல் போதும்" என்றார் உதவி டைரக்டர்.

தேனியில் படம் பார்த்தோம். அவள் பாட்டில் உருகி அழுகிற பொம்பளையாக மூன்று நொடி வந்துபோகிறேன். தியேட்டரை விட்டு வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது என் வீட்டுக்காரர் கேட்டார்.

"முதுகைக் காட்டச் சொன்னது நீதான?"

"ஆமா."

"எதுக்கு?"

"கெட்டுப்போகட்டும்னுதான்."

சாவியை வண்டியில் போட்டார். "அந்தப் புள்ள, அக்காதான் சொல்லிக்குடுத்தாகன்னு பாக்குறவககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கு" என்றார். வண்டியைக் கிளப்பினார். அவர் திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தேவாரம் வந்து சேர்கிறவரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த திருவிழாவுக்கு மார்க்கையன்கோட்டையில் நாடகம். மேக்கப் போட்டுக்கொண்டிருந்தபோது விழாக் கமிட்டிக்காரர் வந்தார். "ஆத்தா, படத்துல வந்த மாதிரியே முதுகைக் காட்டி வந்திருங்க. எல்லாரும் அதைத்தான் எதிர்பாத்து உக்காந்திருக்காக."

முடியாது என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் பின்னால் நின்றிருந்த என் வீட்டுக்காரர் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனார். நானும் போனேன். ஆர்மோனியப் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, மேடைக்குப் பின்னால் தொங்கும் ஓவியத் திரையை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். அதில் வரைந்திருந்த அரண்மனைத் தூணில் ஒரு கிழிசல் இருந்தது. பாடித் திரும்பினேன். அப்படி ஒரு விசில் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம் யாருடையது என்று நினைத்ததும் அடுத்த வரியில் மூச்சுத் தட்டியது.

இறங்கி வந்ததும் கமிட்டிக்காரர் கும்பிட்டார். "அந்தப் பொண்ணு மாதிரியே இருந்துச்சு ஆத்தா."

"சந்தோசம்" என்றேன்.

பாடகி எப்போதாவது போனில் குரல் பதிவு அனுப்புவாள். எப்படி இருக்கீங்கக்கா என்று கேட்பாள். நல்லா இருக்கேன் என்று பதில் போடுவேன். உண்மையை இன்னும் சொல்லவில்லை. அவள் புதுப் பாட்டு எது வந்தாலும் மகளுக்கு முந்தி நான் கேட்டுவிடுகிறேன், காதில் மாட்டிக்கொண்டு, எங்கேயாவது சுதி விலகுகிறதா என்று.