மறதி என்று எழுதினார்கள்

மறதி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதும் உடம்பு சுடுகிறது. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கோபத்தோடு எழுதும்போது வரிசைதான் எனக்குத் துணை.

திண்டுக்கல்லிலிருந்து தினம் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு சந்தை ஊர். அங்கே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர். பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது: கூப்பிடுகிறவர் எண்ணைச் சொல்வார், நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், போர்டில் அந்த எண் எழுதிய குழியைக் கண்ணால் பார்த்துக் கயிற்றின் முனையைச் செருக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இது எதுவும் செல்லாது என்று தெரிந்தது. அந்த ஊரில் யாரும் எண் சொல்வதில்லை.

"மருந்துக்கடைக்குப் போடு தாயி."

"எந்த மருந்துக்கடைங்க? நம்பர் சொல்லுங்க."

"நம்பரா? புதுப்புள்ளயா நீ? அக்கா இருந்தா அவுக கிட்ட குடு."

அக்கா என்பது எனக்கு இடப்பக்க நாற்காலியில் இருந்த மூத்த ஆபரேட்டர். திண்டுக்கல் வாத்தியார் வீட்டுப் பெண். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி விழுந்தால் மாதா கோயிலில் பூசை முடிந்து நேரே வந்து உட்காருவாள். கணவருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை, அதுவும் இருக்கிறபோது இருக்கும். வீடு நின்றது அக்காவின் சம்பளத்தில். இருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். யார் 'கடை' என்றால் எந்தக் கடை, யார் 'டாக்டர்' என்றால் எந்த டாக்டர், எல்லாம் அவளுக்குத் தெரியும். குரல் காதில் விழும்போதே கை குழிக்குப் போயிருக்கும். நடுவில் எண் என்று ஒன்று கிடையாது.

ஆறேழு மாதத்தில் நானும் அப்படி ஆனேன். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் மருந்துக்கடை நம்பர் கேட்டார். வாயில் வரவில்லை. மடியில் கிடந்த என் வலது கை மட்டும் லேசாக எழும்பி, இல்லாத போர்டில் மேல்வரிசைக்குப் போனது. அந்த இடத்தை மனதில் பார்த்து, அதற்குக் கீழே எழுதியிருந்த எண்ணை வாசித்துச் சொன்னேன். நினைவு எங்கே இருக்கிறது என்று அன்றுதான் யோசித்தேன். தலைக்குள் அடுக்கிவைத்த எண்களாக அது இல்லை. ஒரு குரல், ஓர் இடம், இரண்டுக்கும் நடுவில் கை நடந்து நடந்து போட்ட தடம். அவ்வளவுதான்.

பிறகு புதுப் போர்டு வந்தது. இணைப்புகள் கூடிவிட்டதால் பெரிய போர்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழையதைக் கழற்றி இதைப் பொருத்தினார்கள். பாதிப்பேருடைய எண்ணும் குழியும் மாறின. ஊரில் வெங்காய மண்டிகள் இரண்டு, ஒன்றுக்கொன்று ஆகாது. மேற்கு மண்டி இருந்த குழியில் இப்போது கிழக்கு மண்டி. மேற்கு மண்டியை மேல்வரிசைக்கு ஏற்றிவிட்டார்கள்.

அக்காவும் நானும் சூப்பர்வைசரிடம் போனோம். கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. இடம் மாறிய குழிகளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நாளைக்குச் சிவப்புக் காகிதத் துண்டு ஒட்டிக்கொள்கிறோம் என்றோம்.

"போர்டு மேல பசை தடவுறதா? மதுரையிலேர்ந்து ஆபீசர் பாக்க வாராரு. துணி கட்டுன பந்தக்கால் மாதிரி நிக்கும்மா."

"கை பழைய எடத்துக்கே போகுது சார்" என்றாள் அக்கா.

"கையை நீங்க ஓட்டுறீங்களா, உங்களைக் கை ஓட்டுதா? டைப் அடிச்சுத் தந்திருக்கேன்ல, மனப்பாடம் பண்ணுங்க."

பண்ணினோம். அக்கா பஸ்ஸில்கூட முணுமுணுத்துக்கொண்டு வருவாள். முதல் வாரம் ஒரு தப்பும் இல்லை. பயந்து, நிதானித்து, ஒவ்வொரு குழியாகப் பார்த்துச் செருகினோம். பழையது அழிந்துவிட்டது, புதியது பதிந்துவிட்டது என்று நினைத்தோம். பழையது அழியவில்லை. நிதானம் இருந்தவரை ஒதுங்கி நின்றது.

சந்தை நாள் மத்தியானம். போர்டு முழுக்க அழைப்பு. ஒட்டன்சத்திரத்திலிருந்து டிரங்க் கால், ஒரு வெங்காய வியாபாரி. "மண்டிக்குப் போடுங்க அம்மிணி" என்றார். அந்தக் குரல் கேட்பது மேற்கு மண்டியை என்பது அக்காவுக்குத் தெரியும். அவள் கண் அடுத்த அழைப்பில் இருந்தது. கை போனது. பழைய இடத்துக்குப் போனது. பக்கத்தில் இருந்த நான் கயிறு உள்ளே போன பிறகுதான் கவனித்தேன். கையில் இருந்த அழைப்பை முடித்து நான் வாய் திறப்பதற்குள் வியாபாரி பேசி முடித்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் போனை எடுத்ததும் யார் என்று கேட்கிற வழக்கம் கிடையாது. கேட்டால் எதிராளிக்கு மரியாதைக் குறைவு. எடுத்த சத்தம் கேட்டால் போதும், விஷயத்துக்குப் போய்விடுவார்கள். வியாபாரியும் எத்தனை லோடு, என்ன விலை, கேரளாவில் யாருக்கு என்று எல்லாவற்றையும் கொட்டினார். கிழக்கு மண்டிக்காரர் முதலிலிருந்து கடைசிவரை "ம்" மட்டும் சொன்னார். ஊரே இதைச் சொல்லிச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அந்தக் கேரளா வியாபாரம் கிழக்கு மண்டிக்குப் போனது. ஒட்டன்சத்திரத்துக்காரருக்குப் பெரிய இடத்தில் ஆள் உண்டு. விசாரணை வந்தது.

அழைப்பு தவறிய மறுநாள் வியாபாரி கவுன்டரில் வந்து கத்தியபோது, "மண்டின்னுதானுங்க சொன்னேன், அந்த அம்மிணிக்குத் தெரியாதா?" என்றார். என் காதால் கேட்டேன். விசாரணை அன்று, "மேற்கு மண்டின்னு தெளிவாச் சொன்னேனுங்க. நம்பரும் சொன்னேனுங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இன்னும் எரிச்சல். டீக்கடையில் சொல்லி, பஸ்ஸில் சொல்லி, ஒவ்வொரு தடவையும் ஒரு பூச்சு ஏறி, கடைசியில் பூச்சே அவருக்கு நினைவாகிவிட்டது. புது எண் அவருக்குத் தெரிந்திருக்கவே வழியில்லை. சூப்பர்வைசருக்கும் ஒரு நினைவு வந்தது: போர்டு மாற்றுமுன் எங்களைப் பழகவிட்டாராம். சிவப்புக் காகிதம் மட்டும் நினைவில்லையாம். இந்த இரண்டு பேருடைய நினைவும் சாட்சி. அக்காவுடையது மட்டும் மறதி.

எனக்கும் ஒரு வாக்குமூலம் தயாராக இருந்தது. 'சக ஊழியர் புதிய எண்ணை மறந்ததால்' என்று ஆரம்பித்தது. கையெழுத்துப் போட வேண்டியது மட்டும் பாக்கி.

"போட்டுரு புள்ள" என்றாள் அக்கா, வராந்தாவில் வைத்து. "என்னோட போகட்டும். நீ இன்னும் நிரந்தரம் ஆகல."

"நீங்க மறந்தீங்களா அக்கா?"

"மறந்திருந்தா நல்லா இருந்திருக்குமே. பழசை மறக்க முடியாமத்தான் இம்புட்டும்."

இந்த ஒரு வரியை அவர்கள் யாரும் அவளிடம் கேட்கவில்லை.

நான் கையெழுத்துப் போடவில்லை. அக்கா மறக்கவில்லை, நினைவு இருந்ததால்தான் தவறியது என்று விசாரிக்க வந்த மதுரை ஆபீசரிடம் சொன்னேன். புரியவில்லை என்றார்.

"சார், போர்டு வந்தப்போ சூப்பர்வைசர் ரூமையும் மாத்துனாங்க. அவர் தினமும் காலையில நேரா பழைய ரூமுக்குப் போயி, இப்ப அங்க வச்சிருக்கிற பேட்டரியைப் பாத்துட்டுத் திரும்பி வர்றாரு. புது ரூம் எதுன்னு கேட்டாச் சொல்லுவாரு. மறக்கல. காலுக்குப் பழைய வழி தெரியுது."

ஆபீசர் வாய்விட்டுச் சிரித்தார். சூப்பர்வைசர் முகம் கறுத்தது. "அது வேற, இது வேற."

"ஆமாம்மா, அது வேற" என்று ஆபீசரும் சொன்னார். இன்னும் சிரித்துக்கொண்டே, மறதி என்று எழுதினார்.

அக்காவைப் போர்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். தொலைவில் ஓர் ஊருக்கு மாற்றல். வீட்டையும் கணவரையும் விட்டுப் போக முடியாமல் வேலையை விட்டாள். அடுத்த வாரம் சூப்பர்வைசர் சிவப்புக் காகிதமும் பசையும் வாங்கிவந்து, தானே நின்று ஒட்டவைத்தார். இது தன் யோசனை என்று புதிதாக வந்த பெண்ணிடம் சொன்னார். சொல்கிறபோது அவர் முகத்தைப் பார்த்தேன். நம்பித்தான் சொன்னார்.

அந்தப் பெண் உட்காருவது அக்காவின் நாற்காலியில். சந்தை நாளில் கயிறு எட்டாதபோது நான் திரும்பிப் பார்க்காமல் இடது கையை நீட்டிவிடுகிறேன். அக்கா இருந்தவரை கயிற்றின் முனை கையில் வந்து விழும். இந்தப் பெண் திடுக்கிட்டு, "என்னக்கா வேணும்?" என்று கேட்கிறாள். ஒன்றுமில்லை என்று கையை இழுத்துக்கொள்கிறேன். அடுத்த சந்தை நாளிலும் நீட்டுகிறேன்.

அதையும் மறதி என்று எழுதிக்கொள்ளட்டும்.