பிரிசில்லாவை முகாமுக்கு அனுப்பிய டிசம்பர்

சபையில் எழுந்து பேசிப் பழக்கமில்லாதவள் நான். குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் எங்கள் வீட்டுக்குச் செய்த நன்மையை இத்தனை வருடம் மனசுக்குள்ளேயே வைத்திருந்துவிட்டேன்.

என் மூத்த மகள் பிரிசில்லாவுக்குப் பதிமூன்று வயதில் வலிப்பு வந்தது. ஞாயிறு பள்ளியில் பாடிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். கை கால் இழுத்தது. வாயில் நுரை. கிள்ளான் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். தவறாமல் சாப்பிட்டாள். ஆனாலும் சில மாதங்களுக்கு ஒரு முறை வந்துவிடும். எப்போது வரும் என்று தெரியாது. அதுதான் என்னை வாட்டியது. அவள் குளிக்கப் போனால் நான் கதவுக்கு வெளியே நிற்பேன். பள்ளிச் சுற்றுலா வேண்டாம் என்பேன். தோழி வீட்டில் தங்க வேண்டாம் என்பேன். "வெளியே சொல்லாதீங்க, நாளைக்குக் கல்யாணம் காட்சி ஆகணும்" என்றார்கள் உறவுக்காரர்கள். நானும் யாரிடமும் சொல்லவில்லை. ஆண்டவரிடம் மட்டும் அழுவேன்.

எண்பத்தாறாம் ஆண்டு அவள் நான்காம் படிவ வகுப்பில் இருந்தாள். கெமிஸ்ட்ரி என்றால் அவளுக்கு உயிர். அந்த வருடக் கடைசி விடுமுறையில் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகம், மேற்படிப்புக்குப் போக ஆசைப்படும் மாணவர்களுக்கு இரண்டு வார அறிவியல் முகாம் நடத்தியது. அங்கேயே ஹாஸ்டலில் தங்கி, பெரிய லேபில் பரிசோதனை செய்யலாம். அவள் பள்ளியிலிருந்து அவள் ஒருத்தியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"முடியாதும்மா" என்றேன். அவள் சண்டை போடவில்லை. அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

என் கணவர் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். அதிகம் பேசமாட்டார். அன்று என்னிடம் கேட்டார்: "எத்தனை நாளைக்குப் பாத்ரூம் கதவுக்கிட்டயே நிக்கப் போற?"

"விழுந்துட்டா யாருங்க தூக்குவா?"

"ஜெபம் பண்ணுவோம். அப்புறம் முடிவு பண்ணலாம்."

மகளையும் கூப்பிட்டு மூன்று பேரும் முழங்காலில் நின்றோம். அந்த இரண்டு வாரம் மட்டும் வலிப்பு வரவே கூடாது என்று நான் கெஞ்சினேன். என் கணவர் ஒரே வரிதான் ஜெபித்தார்: "ஆண்டவரே, அங்க எம்புள்ள தனியா இருக்கக் கூடாது." எனக்குக் கோபமே வந்தது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் இந்த மனுஷன் வேறு எதையோ கேட்கிறாரே என்று. ஆனால் எழுந்தபோது மகளின் முகத்தைப் பார்த்தேன். அதற்குமேல் முடியாது என்று சொல்ல என்னால் முடியவில்லை.

டிசம்பர் முதல் வாரம் கொண்டுபோய் விட்டோம். என் கணவர் ஹாஸ்டல் வார்டனிடம் நோயைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. வார்டன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, மாத்திரையின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்.

நான் அப்போது கையுறை செய்யும் ஃபேக்டரியில் இருந்தேன். முகாம் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். சூப்பர்வைசர் வந்து, "அக்கா, ஆபீஸ்ல உங்களுக்கு போன்" என்றார். ஓடிப்போய் எடுத்தேன். வார்டன்தான் பேசினார். காலையில் சாப்பாட்டுக் கூடத்தில் பிரிசில்லாவுக்கு வலிப்பு வந்தது, இப்போது நன்றாக இருக்கிறாள் என்றார். நன்றாக இருக்கிறாள் என்பது என் காதில் ஏறவே இல்லை.

ஃபேக்டரி உடுப்போடு கோலாலம்பூர் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் அழுகை. "கேட்டேனே ஆண்டவரே, இந்த ஒண்ணுதானே கேட்டேன்" என்று மனசுக்குள் சண்டை பிடித்தேன். அவளைக் கையோடு கூட்டி வந்துவிட வேண்டும், இனி வாசல் தாண்டவே விடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். ஜெபிப்பதில் என்ன பயன் என்றுகூட நினைத்தேன். உண்மையைத்தானே உங்களிடம் சொல்ல வேண்டும்?

ஹாஸ்டலில் அவள் அறைக் கதவு திறந்திருந்தது. பிரிசில்லா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தலையில் முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண், மைலோ கலக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் பெயர் ரொஹானி, மகளோடு அதே அறையில் தங்கியிருப்பவள். தூரத்துக் கிளந்தான் மாநிலத்திலிருந்து வந்தவள். வலிப்பு வந்ததும் எல்லாரும் கத்தி ஓடியிருக்கிறார்கள். ஒருவர் வாயில் கரண்டியைத் திணிக்கப் பார்த்தாராம். இவள்தான் தடுத்து, மகளைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, தன் முக்காட்டைக் கழற்றி மடித்துத் தலைக்கு அடியில் வைத்திருக்கிறாள். அத்தனை பேர் நடுவில், ஆண்பிள்ளைகளும் இருக்கும் இடத்தில். கண் விழிக்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?" என்று மலாயில் கேட்டேன்.

"என் தம்பிக்கும் இதே நோய், மக்சிக்" என்றாள். ஆன்டி என்று கூப்பிடுவதுபோல. "வீட்டுல நான்தான் பாத்துக்குவேன்."

வார்டனைப் பார்த்தேன். வேண்டுமென்றே இவளோடு தங்க வைத்தீர்களா என்று கேட்டேன். இல்லை, பெயரின் எழுத்து வரிசைப்படிதான் அறை கொடுத்தோம், இந்தப் பெண் வீட்டு விஷயம் எங்களுக்கே இன்றுதான் தெரியும் என்றார். பிரிசில்லாவுக்கு அடுத்த பெயர் ரொஹானி.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தனியாக இருக்கக் கூடாது என்று என் கணவர் கேட்டாரே. எங்கேயோ கிளந்தானில் ஒரு வீட்டில், தம்பியைத் தாங்கித் தாங்கிப் பழகிய ஒரு பிள்ளையை, என் மகளின் பக்கத்துக் கட்டிலுக்கு ஆண்டவர் கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

"அம்மா, என்னைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?" மகள் கேட்டாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. "நாளைக்கு எங்க குரூப்தான்மா லேப்ல செஞ்சு காட்டணும்."

ரொஹானி என் கையைப் பிடித்தாள். "ஜாங்கான் ரிசாவ், மக்சிக்." கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம். "நான் இருக்கேன் லா."

மகளின் தலையில் கை வைத்து ஜெபித்தேன். ரொஹானியும் தலை குனிந்து நின்றாள். பிறகு தனியாகவே பஸ் ஏறினேன். அந்தப் பயணத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கிள்ளானில் இறங்கியபோது பசித்தது. எனக்குப் பசித்தே வெகுநாளாகியிருந்தது.

முகாம் முடிந்து வந்த பிள்ளை வேறு பிள்ளை. தனக்கு என்ன நோய், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஐந்தாம் படிவத்தில் வகுப்புக்கே எழுந்து நின்று சொன்னாள். ஆறாம் படிவம் முடித்தாள். பல்கலைக்கழகம் போனாள். இன்று கோலா சிலாங்கூரில் கெமிஸ்ட்ரி டீச்சர். போன வருடம் கல்யாணமும் ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டில் அவளே முதலில் உட்கார்ந்து நோயைப் பற்றிச் சொன்னாள்.

வலிப்பு இன்னும் போகவில்லை. எப்போதாவது வருகிறது. மாத்திரையும் சாப்பிடுகிறாள். நோயை எடுத்துவிட்டார் என்று நான் சாட்சி சொல்ல வரவில்லை. என்னிடமிருந்து பயத்தை எடுத்தார். அதற்காகத் தினமும் அவரைத் துதிக்கிறேன்.

இந்த விடுமுறையில் நம் சபைப் பிள்ளைகள் சிலர் இப்படிப்பட்ட முகாமுக்குப் போகிறார்கள். பெற்றோரே, உங்கள் கலக்கம் எனக்குத் தெரியும். ஜெபியுங்கள். பையைக் கட்டிக் கொடுங்கள். பஸ் ஏற்றி விடுங்கள். நீங்கள் போக முடியாத அறையில் அவர் ஏற்கெனவே இருக்கிறார். ஸ்தோத்திரம்.