ஐம்பத்தெட்டாவது பெர்சென்டைல்

அடுத்த வாரம் தேர்வு, பிள்ளைகள் விரும்பினால் இரவு உடையிலேயே வரலாம் என்று நிலாவின் பள்ளியிலிருந்து ஒரு துண்டுத்தாள் வந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். பைஜாமா என்றுதான் போட்டிருந்தது. நாங்கள் டெக்சாஸுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத காலம் அது. என் ஆங்கிலத்தை நானே நம்பாததால் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காட்டிக் கேட்டேன். "ஆமாம், பதற்றமில்லாமல் எழுதட்டுமே" என்றாள். செங்கல்பட்டில் பரீட்சை நாளன்றுதான் எங்கள் யூனிஃபார்ம் மற்ற நாளைவிட விறைப்பாக இருக்கும். கஞ்சி போட்ட காலர் கழுத்தை அறுக்க அறுக்க எழுதினால்தான் அது பரீட்சை. எட்டு வயது நிலா முயல் படம் போட்ட பைஜாமாவில் மஞ்சள் பேருந்தில் ஏறியபோது, தூங்கப் போகிறவளை வழியனுப்புவது போலிருந்தது.

மே மாதக் கடைசியில் முடிவு தபாலில் வந்தது. நாடு முழுக்கப் பல பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் பொதுத் தேர்வு. அதில் மார்க் இல்லை, பாஸ் இல்லை, ஃபெயிலும் இல்லை. ஐம்பத்தெட்டாவது பெர்சென்டைல் என்று மட்டும் இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியை மிஸஸ் கேரலிடம் போய், "இவள் என்ன ரேங்க்?" என்று கேட்டேன். அவர் மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்து, "உங்கள் கணவர் ராணுவத்திலா இருக்கிறார்?" என்றார். டெக்சாஸில் நாங்கள் குடியிருந்த ஊரில் பெரிய ராணுவ முகாம் உண்டு. அவருக்கு ரேங்க் என்றால் கேப்டன், மேஜர். வகுப்பில் எத்தனையாவது என்று விளக்கியபின் சிரித்தார். அதையெல்லாம் நாங்கள் கணக்கிடுவதில்லை, நூறு பேர் எழுதினால் ஐம்பத்தெட்டுப் பேரைவிட நிலா நன்றாக எழுதியிருக்கிறாள், வந்த முதல் வருஷத்திலேயே இது பெரிய விஷயம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனால் வகுப்பில் அவள் வாயே திறப்பதில்லை. அதுதான் எனக்குக் கவலை" என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு உறுத்தியதும் அதுதான்.

அன்றிரவு ஊருக்கு ஃபோன் செய்தபோது அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. சேகர் அண்ணன் மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறார். அப்பா வேலை பார்த்த அதே கம்பெனி, அதே கம்பெனி பஸ். மாதாமாதம் அண்ணன் மகள் கவிதாவின் ரேங்க் உட்பட எல்லார் வீட்டுப் பிள்ளைகளின் ரேங்கும் அந்த பஸ்ஸில் பயணம் செய்யும். சின்ன வயதில் எனக்கு முப்பத்தோராவது ரேங்க் வந்த மாதம், அப்பா தினமும் ஏறியதுமே தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வாராம்.

"அம்பத்தெட்டா? இன்னா சுமதி, அவ்ளோ தூரம் போயி அம்பத்தெட்டா?"

"அண்ணா, அது மார்க் இல்லண்ணா."

"மார்க் இல்லன்னா வேற இன்னா? இங்க கவிதா ஒரு மார்க்குல செகண்ட் ரேங்க் ஆயிட்டேன்னு மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீறா. லீவுக்கு நீ புள்ளைய இட்டுகினு வா. மல்லிகா மிஸ்ஸாண்ட ஒரு மாசம் வுட்டா சரியாப்பூடும்."

இப்படித்தான், உலகம் முழுக்கப் பிள்ளைகள் அமெரிக்காவில் படிக்க ஏங்கிக்கொண்டிருக்க, என் மகள் அமெரிக்காவிலிருந்து செங்கல்பட்டுக்கு ட்யூஷன் படிக்க வந்தாள்.

மல்லிகா எங்கள் பின் தெருப் பெண். பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நேரத்தில் மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு ட்யூஷன் எடுத்தாள். மாலையானால் அந்த மாடி கத்தும் கத்தலில் காக்கைகள் அடுத்த தெருவுக்குப் போய்விடும். முதல் நாள் நிலா ஏதோ சொல்ல நினைத்து, டெக்சாஸ் வழக்கப்படி கையைத் தூக்கிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"கைய எறக்கு கண்ணு," என்றாள் மல்லிகா. "இங்க வாயத் தொறந்தா போதும். ஒதடு ஆடலன்னா நீ தூங்கறன்னு அர்த்தம்."

ஒரு வாரம் போனது. மாடியிலிருந்து வந்த வாய்ப்பாட்டுச் சத்தத்தில் ஒரு குரல் தனியாக, கொஞ்சம் அமெரிக்க வளைவோடு கேட்டது. நான் துவைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பள்ளியில் ஒரு வருஷமாக யாரும் கேட்டிராத குரல் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாமல்லபுரம் போனோம். ஈர மணலில் கவிதா எங்களுக்குப் பரீட்சை வைத்தாள். அண்ணி முதல் ரேங்க், நான் இரண்டு, அண்ணன் கடைசி.

"நான் இன்னாடி தப்பு பண்ணேன்?"

"நீ பக்கத்துல பாத்து எழுதனப்பா."

நிலாவுக்கு மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். ரேங்கைக் காலால் அழித்துவிட்டு, "மாமா, மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ்" என்று தன் பள்ளி ரிப்போர்ட்டில் போடுவதுபோல் அறிவித்தாள்.

"அப்டின்னா? பாஸா?"

"நீங்க இருக்கவேண்டிய எடத்துல இருக்கீங்கன்னு அர்த்தம்."

அண்ணன் அதைக் கேட்டுச் சிரித்தார். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. அந்தச் சான்றிதழை எனக்கு எந்த ஊரில் தருவார்கள் என்று யோசித்தேன். சற்று நேரம் கழித்து அண்ணன் தாமாகவே பெர்சென்டைல் பற்றிக் கேட்டார். நூறு பேர், ஐம்பத்தெட்டுப் பேர் என்று சொன்னேன்.

"அந்த ஊர்ப் பசங்களயா தாண்டிகீறா?"

"அந்த ஊர்ப் பசங்களத்தாண்ணா."

அலை வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தார். "மீதி நாப்பத்தொரு பேரு யாரு?"

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் ஐம்பத்தெட்டு அமெரிக்கப் பிள்ளைகள் தோற்ற கதை மறைமலைநகர் வரை போனது. கவிதா மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அங்க யாரு ஃபர்ஸ்ட்டுன்னு யாருக்குமே தெரியாதா அத்தை?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப செகண்டும் இல்ல" என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

விடுமுறை முடிந்து திரும்பினோம். நான்காம் வகுப்பில் நிலா கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறாள் என்று புதிய ஆசிரியை புகார்போலச் சொன்னார்; நான் சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு வருத்தம் தெரிவித்தேன். மறுபடியும் தேர்வு வாரம் வந்தது. கணக்குத் தேர்வன்று மதியம் பள்ளியிலிருந்து ஃபோன். நிலா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறாள், மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருப்பதால் நூலகத்தை ஒட்டிய சிறிய அறையில் தனியாக உட்கார வைத்திருக்கிறோம், தண்டனை இல்லை, பயப்படாதீர்கள் என்றார் ஆசிரியை. பிறகு தயங்கித் தயங்கி, "அவள் பிரார்த்தனை செய்கிறாளா? அப்படியென்றால் நாங்கள் தடுக்க மாட்டோம்" என்றார்.

"இல்லை, டேபிள்ஸ்" என்றேன்.

"ஓ, பெரிய மேசை வேண்டுமா? போட்டுத் தருகிறோமே."

அழைத்துவரப் போனபோது அவள் இன்னும் முடித்திருக்கவில்லை. புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் உண்டு. கதவின் கண்ணாடிச் சதுரத்தில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். உண்மையிலேயே பெரிய மேசைதான் போட்டிருந்தார்கள். தரையை எட்டாத கால்களை ஆட்டிக்கொண்டு, உடம்பு முன்னும் பின்னும் அசைய உட்கார்ந்திருந்தாள். கதவிடுக்கு வழியாக மெல்லிசாகக் கேட்டது: ஆறெட்டு நாப்பத்தெட்டு, ஏழெட்டு அம்பத்தாறு. ஆங்கிலக் கேள்வியின்மேல் பென்சில் அசையாமல் காத்திருந்தது. உதடு தமிழில் விடையைத் தொட்டதும், அது ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனது.