மூன்று விரல்

பக்கத்து வகுப்பில் சத்தமே இல்லையென்றால் எனக்கு வயிற்றெரிச்சல். பொய் சொல்வானேன்? இருபத்திரண்டு வருடமாக மூன்றாம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். நேற்று வந்த ஒரு பெண், இரண்டாம் வகுப்பின் நாற்பது வாண்டுகளையும் குரலே உயர்த்தாமல் கட்டி மேய்த்தாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் விரல் டீச்சர்.

வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் ஓய்வறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதவள்தான் அவள். "அக்கா, ஒருத்தனும் என் பேச்சைக் கேக்க மாட்டேங்கிறான். நான் இந்த வேலைக்கே லாயக்கில்லக்கா."

"நாலு அதட்டு அதட்டு, பெட்டிப்பாம்பா அடங்கிடுவாங்க" என்றேன்.

அவள் அதட்டவில்லை. புது ஆசிரியர்களுக்கான கையேடுகள், வீடியோக்கள் எல்லாவற்றையும் தேடிப் பார்த்து, ஓர் அட்டை எழுதிச் சுவரில் ஒட்டினாள். ஒரு விரல் தூக்கினால் தண்ணீர், இரண்டு என்றால் கழிப்பறை, மூன்று என்றால் உதவி. வாயை மட்டும் திறக்கக் கூடாது. அமைதியான பெஞ்சுக்கு வெள்ளிக்கிழமை நட்சத்திரம். ஒரே மாதத்தில் அந்த அறையில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. தலைமை ஆசிரியர் மற்றவர்களைக் கூட்டிவந்து காட்டினார். என் முகம் சுண்டிப்போனது.

ஒருநாள் சாக்பீஸ் கேட்கும் சாக்கில் எட்டிப் பார்க்கப் போனேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். வகுப்பு கப்சிப். ஜன்னலோர பெஞ்சைச் சுற்றி ஏழெட்டுக் கைகள் மேலே நின்றன, எல்லாவற்றிலும் மூன்று விரல். நடுவில் ஒரு சின்னப் பெண் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

ஐயோ! "அடியே, திரும்பிப் பாருடி!" என்று அலறினேன்.

திரும்பியவள் பெஞ்சைத் தாண்டிப் பாய்ந்தாள். குழந்தையைக் கைமேல் குப்புறச் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஓங்கி ஓங்கி அடித்தாள். நான்காவது அடியில் பேனா மூடி ஒன்று தெறித்து விழுந்தது. குழந்தை மூச்சை இழுத்து வீறிட்டு அழுதது. இத்தனை வருட அனுபவம் பேசும் நானோ கதவருகே மரம் மாதிரி நின்றிருந்தேன். வெட்கக்கேடு.

குழந்தையின் அம்மாவை வரவழைத்து இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு அவள் வகுப்புக்குத் திரும்பினாள். அதே பெஞ்சில் இருந்த பையனைப் பிடித்து உலுக்கினாள். "ஏண்டா, ஒரு குரல் குடுத்தா என்னடா?"

அவன் மிரண்டான். "காட்டினேன் டீச்சர். ரொம்ப நேரமா காட்டினேன். கை வலிச்சுது, இன்னொரு கையால பிடிச்சுக்கிட்டுக் காட்டினேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

குழந்தைக்கு ஆபத்தில்லை என்று சாயங்காலம் தகவல் வந்தது. மறுநாள் காலை அவள் பாடம் நடத்தவில்லை. பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "இப்போ என்னைக் கத்திக் கூப்பிடுங்க" என்றாள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நட்சத்திரம் போய்விடுமே என்ற பயம்.

"நட்சத்திரம் கிடக்குது கண்ணுங்களா, கத்துங்க!" என்று கெஞ்சியது என் வகுப்புவரை கேட்டது. நானும் பாடத்தை நிறுத்திவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் கழித்து, "டீச்சர்!" என்று ஒரே ஒரு குரல் வந்தது. அந்தப் பையன்தான்.