பதினேழாம் நம்பர்

ஸ்கூடாயில் என் வாடகைக் காரில் ஏறிய அந்த இளம்பெண், ஜாமில் நின்ற நேரமெல்லாம் மடிக்கணினியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அவர் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"என்னம்மா வேலை?" என்றேன்.

"ஆப்பிரிக்காவுல மலேரியா வந்தவங்களோட ரத்த சாம்பிள் விவரம் எனக்கு வரும் அண்ணே. கிருமியோட மரபணுவைப் பாத்து எந்த மருந்து கேக்காதுன்னு சொல்லணும். பதினேழாம் நம்பர் சாம்பிள் தெளிவா இல்லன்னு நேத்து ஒதுக்கிட்டேன். இன்னிக்குத் திரும்பப் பாத்தா, மருந்துக்கு அடங்காத கிருமி அதுலதான் இருக்கு."

"யாரு அது?"

"பேரு தர மாட்டாங்க. வயசு நாலுன்னு மட்டும் போட்டிருக்கு."

"சொல்லிட்டீங்களா?"

"அங்க இருக்கிற டாக்டருக்கு மெயில் போட்டுட்டேன். பதிலே வரல லா."

உலு திராமில் திரையைப் பார்த்தபடியே இறங்கிப் போனார். அவர் பெயர் மறந்துவிட்டது. இப்போதும் ஜாமில் நின்றால், பதினேழுக்கு மருந்தை மாற்றினார்களா என்று என் இடது கால் ஆடத் தொடங்கிவிடுகிறது.