பென்னலூரில் குடித்த டீ

எனக்கு முன்கோபம் அதிகம். வல்லம் வடகால் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்த்த மூன்று வருஷமும் தனியாகத்தான் சாப்பிட்டேன். பில் இல்லாமல் வருகிற எல்லாரையும் கடித்துத் துப்புகிறவனோடு எவன் உட்காருவான்? சுங்குவார்சத்திரம் லாட்ஜ் அறையிலும் பேச ஆள் இல்லை. நாள் முழுக்க என்னிடம் "சாப்டீங்களா சார்?" என்று கேட்கிற ஒரே ஜீவன், கேன்டீனில் பரிமாறும் அக்கா.

வருஷக் கடைசியில் ஒவ்வொரு பில்லையும் வாட்ச்மேனின் கேட் நோட்டோடு ஒத்துப் பார்ப்பது என் வழக்கம். சரக்கு வந்திருந்தால் நோட்டில் லாரி நம்பர் இருக்கும். அட்டைப்பெட்டி அனுப்பியதாக ஒரு கடையிலிருந்து மாதாமாதம் பில் வந்தது. நோட்டில் ஒரு லாரிகூட இல்லை. வராத சரக்குக்கு ஜிஎஸ்டி கொடுத்ததாகக் காட்டி, கம்பெனி கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டிருந்தோம். கழித்துத் தாக்கல் செய்தவன் நானேதான்.

கடை விலாசம் பென்னலூர். ஞாயிற்றுக்கிழமை ஆத்திரத்தோடு போனேன். கதவைத் திறந்தது கேன்டீன் அக்கா. பில்லில் இருந்தது அவர் பெயர். அதுவரை நான் அவரிடம் பெயர் கேட்டதே இல்லை.

"இன்னா சார், வூட்டத் தேடிகினு வந்துகிறீங்க? உள்ள வாங்க."

டீ கொடுத்தார். மெல்ல விசாரித்தேன். பிஎஃப்புக்கு என்று ஆபீஸில் ஆதாரும் பான் கார்டும் வாங்கினார்களாம். போனில் வந்த ஓடிபியையும் கேட்டார்களாம். "நம்ம ஆபீஸ்தானேன்னு சொல்லிட்டேன் சார்." அதை வைத்து அவர் பெயரில் கடையைப் பதிந்திருக்கிறார்கள். பிடிபட்டால் மாட்டப்போவது இந்த மனுஷி. ஊரையே திட்டுகிற என் வாயில் அன்றைக்கென்று கொழுக்கட்டை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் முதலாளியிடம் கேட்டேன். "அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆவாது. உனக்குச் சம்பளம் ஒழுங்கா வருதுல்ல?" என்றார். வருகிறது. ஊரில் தங்கை கல்யாணக் கடன் அதில்தான் அடைகிறது. வரிக்கணக்குக்குக் கெடு நாளான இருபதாம் தேதி அந்தக் கடை பில்லையும் சேர்த்தே தாக்கல் செய்தேன். அதற்கடுத்த மாதங்களிலும்தான். சீ, என்ன பிழைப்பு.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா ஒரு கவரோடு வந்தார்.

"இங்கிலீஷ்ல கீது சார். இன்னான்னு படிச்சு சொல்லுங்க."

அவர் பெயரில் இருந்த கடைக்கு வரித்துறை நோட்டீஸ். நடந்தது முழுசையும் சொன்னேன். வரி ஆபீஸில் கேட் நோட்டைக் காட்டி, நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சாட்சி சொல்கிறேன் என்றேன்.

"உங்களுக்கு எப்ப சார் தெரியும்?"

நோட்டீஸை மடித்துக் கவரில் போட்டேன்.

"அன்னிக்கு எங்க வூட்ல டீ குடிச்சீங்களே, அப்பவேவா?"

"ஆமாக்கா."

அந்த வாரமே வேலையை விட்டேன். இருவரும் ஷேர் ஆட்டோவில் வரி ஆபீஸுக்குப் போனோம். அக்கா தன் காசைத் தானே கொடுத்தார். உள்ளே நான் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். விசாரிக்கிறோம் என்றார்கள். வெளியே வந்ததும், எதிரில் இருந்த கடையைக் காட்டி, "ஒரு டீ சாப்பிடலாமாக்கா?" என்று கேட்டேன்.

"நீங்க குடிங்க சார்" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.