சீலையும் சில்க்கும்

முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவி, நெருப்புக்குச்சியைக் கிழித்துப் பொசுக்கி, வாங்க வந்தவரின் மூக்கருகே நீட்டுகிறார் தணிகாசலம். அசல் பட்டென்றால் முடி கருகிய வாடை வர வேண்டும். சாம்பல் விரலில் பொடிய வேண்டும். "மோந்து பாருங்க. என் வாய நம்பாதீங்க, மூக்க நம்புங்க" என்பார். ஆரணியில் பட்டு விற்கிறவர்கள் நிறைய. சொந்தச் சரக்கை இவ்வளவு ஆசையாகக் கொளுத்துகிறவர் குறைவு.

புடவையை மடிக்கும்போது இன்னொரு சரக்கும் வெளியே வரும். "சில்க்கு சில்க்குன்றானே வெள்ளக்காரன், அது நம்ம சீலைதாங்க. துணிய வாங்கினு போனவன் பேரையும் சேத்து எடுத்துனு போய்ட்டான்." யார் சொன்னது என்று கேட்டால் அவருக்கே நினைவில்லை. ஆனாலும் கடையின் துணிப்பைகளில் எல்லாம் 'சீலையே சில்க் ஆனது' என்று சிவப்பு மையில் அச்சடித்திருக்கிறார். போளூர் பஸ்ஸில் அந்தப் பை தொங்குவதைப் பார்த்துவிட்டால் மனிதருக்கு அன்றைக்கு ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும்.

2003 தையில் மருமகளாக வந்த ஹேமலதா கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறாள். கல்யாணப் பட்டு எடுக்க வந்த சென்னைக் கூட்டத்துக்கு முன்னால் ஒருநாள், "நீயே சொல்லும்மா" என்று அவளைச் சாட்சிக்கு இழுத்தார். "வீட்ல பேசிக்கலாம் மாமா" என்று அவள் தலை குனிந்தாள். அவர் பேச்சை மாற்றி அடுத்த புடவையை விரித்தார்.

சாயங்காலம் அகராதியை விரித்து வைத்தாள். ஆங்கிலத்துக்கு முன்னால் லத்தீன், அதற்கும் முன்னால் கிரேக்கம். பட்டு வந்த கிழக்குத் திசை மக்களைக் கிரேக்கர்கள் 'சேரெஸ்' என்றார்களாம். அந்தப் பேரிலிருந்து வந்ததுதான் சில்க்.

"நம்ம சேரருங்களா?" என்று நிமிர்ந்தார், பாவம்.

"இல்ல மாமா. சீனா பக்கம்."

சீலைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வந்த சில மாதத்திலேயே மாமனாரின் பெருமையைப் பிடுங்கிவிட்டோமே என்று ஹேமலதா அகராதியை மூடி வைத்தாள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், நீங்கள் எப்போதும்போலச் சொல்லுங்கள் என்றாள்.

"பொசுக்கிப் பாத்தாச்சு இல்லம்மா. அப்புறம் எப்டி விக்கிறது?" என்றார் அவர்.

மறுநாள் முதல் வியாபாரம். நூலைக் கொளுத்திக் காட்டினார், புடவையை மடித்தார், சீலைப் பேச்சு வரவில்லை. ஒரு பையை எடுத்தார். உள்ளே கைவிட்டு, சிவப்பெழுத்து மறையும்படி உட்புறத்தை வெளியே இழுத்துத் திருப்பினார். தையல் பிசிறுகளைக் கத்தரியால் ஒழுங்காக நறுக்கிவிட்டு, புடவையை அதில் வைத்து நீட்டினார்.